புயலுக்குப் பிறகு தண்ணீர்: அடிபம்பா, ஜெனரேட்டரா?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கிணற்றில் நீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

செலவு
அடிபம்பு: ஒருமுறை செலவு, பிறகு தேய்ந்த வாஷரை மாற்றினால் போதும்.
ஜெனரேட்டர்: விலையோடு பெட்ரோலும் சேரும். மின்சாரம் இல்லாத பெட்ரோல் பங்கில் எரிபொருள் கிடைப்பதே சந்தேகம்.

ஆழம்
இங்கேதான் முடிவு தெரியும். சாதாரண அடிபம்பு உறிஞ்சி இழுப்பது. நீர்மட்டம் சுமார் 7 மீட்டருக்குக் கீழே போனால் பயனில்லை. ஆழ்குழாய்க்கான இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு ஏறத்தாழ 45 மீட்டர் வரை இழுக்கும். அதற்கும் கீழே என்றால் மோட்டாரும் ஜெனரேட்டரும்தான்.

உழைப்பு
அடிபம்பு: முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் சிரமம்.
ஜெனரேட்டர்: தொட்டி விரைவில் நிரம்பும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சிறிய ஜெனரேட்டர் தாங்காது. வீட்டுக்குள் மட்டும் ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

மேல்மட்ட நீருள்ள டெல்டா வீடுகளுக்கு அடிபம்பையே சொல்வேன். அண்டை வீடுகளும் பிடித்துக்கொள்ளலாம். ஆழ்குழாய் மட்டுமே உள்ளவர்கள் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம். எதுவானாலும், வெள்ளம் சூழ்ந்த கிணற்று நீரைக் குளோரின் இட்டுக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.