உரிக்கலாம் என்று சொல்லி அடிக்கப்படும் சில்லுப் பூச்சு: யாழ்ப்பாணத்து வாகன உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரின் அலோய் சில்லுகளை உரித்தெடுக்கக்கூடிய றப்பர் பூச்சினால் கறுப்பாக்கித் தருவதாகச் சொல்லி, யாழ் நகரை அண்டிய ஒரு வாகன அலங்கார நிலையம் என்னிடம் பணம் பெற்றுக்கொண்டு, உரிக்கவே முடியாத ஏதோ ஒன்றை அடித்து அனுப்பியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற காரையே மினுக்கி ஓடும் பழக்கம் எங்களிடம் வேரூன்றிவிட்டதால், இத்தகைய நிலையங்களுக்கு இங்கே குறைவில்லை.

பிளாஸ்டி டிப் என்ற அமெரிக்கத் தயாரிப்பின் பெயரால் பரவலாக அறியப்படும் இந்தப் பூச்சு, காற்றில் உலர்ந்து றப்பர்ச் சவ்வாகப் படியும் ஒரு திரவம். முதற் கோற்றை (ஒரு தடவை அடிக்கும் படையை) அடியிலுள்ள நிறம் பாதி தெரியும்படி தூவலாக மட்டும் அடித்து, அதன்மேல் ஈரமான கோற்றுகளை ஏறத்தாழ அரை மணி நேர இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். நான்கைந்து கோற்றுகளாவது ஏறினால்தான் போதிய தடிப்பு வரும். அந்தத் தடிப்பு இருந்தால்தான் பின்னர் விளிம்பில் பிடித்து இழுக்கும்போது பாம்பு சட்டை கழற்றுவதுபோல ஒரே துண்டாக வரும். கடைசிக் கோற்றுக்குப் பிறகும் நான்கு மணி நேரமாவது உலரவிட வேண்டும்.

நான் காலையில் விட்ட காரை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே வந்து எடுக்கச் சொன்னார்கள். மேற்சொன்ன கணக்கின்படி அது நடக்கக்கூடிய காரியமே அல்ல. சில்லுகளைக் கழற்றவில்லை, ரயரைச் சுற்றிப் பத்திரிகைத்தாளைச் செருகி, கார்த்திகை மாதத் தூறலில், பக்கம் திறந்த கொட்டகைக்குள் வைத்தே அடித்திருந்தார்கள். ரயர் மினுக்கும் எண்ணெய் றிம்மின் விளிம்பில் அப்படியே இருந்தது. அடித்த ரின்களைக் காட்டும்படி கேட்டபோது, பெயர் ஒட்டாத ஒரு வாளியைக் காட்டினார்கள். “அண்ணை, பிடிக்காட்டி ஒரு இழுவையிலை உரிச்சுப்போட்டுப் போகலாம்” என்றார் உரிமையாளர்.

காற்றில் ஈரம் மிகுந்தால் இவ்வகைப் பூச்சுகள் வெளிறிப் புகைபடிந்ததுபோல ஆகும். என்னுடையதும் இரண்டாம் நாளே அப்படி ஆனது. விளிம்பில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தேன். அரிசிக் குருணையளவு துகள்கள்தான் வந்தன. திரும்பக் கொண்டுபோனபோது, தின்னரில் தோய்த்த துணியாலும் இரும்புப் பஞ்சாலும் ஒரு பொடியன் தேய்க்கத் தொடங்கினான். நான் தடுப்பதற்குள் ஒரு றிம்மின் தொழிற்சாலை மேற்பூச்சு கீறுப்பட்டு, அலுமினியம் மங்கலாக வெளியே தெரிந்தது. பண்ணைப் பாலத்தின் உப்புக் காற்றில் தினமும் போய்வரும் காருக்கு இது சின்ன விடயமல்ல. மேற்பூச்சு உடைந்த இடத்திலிருந்து வெள்ளை அரிப்பு உள்ளுக்குள் பரவும். உரிமையாளரோ, “உங்கடை றிம்மிலைதான் பிழை” என்று சொல்லி முடித்துவிட்டார்.

அழகு கெட்டதை விட்டாலும், இன்னொன்றை விட முடியாது. காற்றுப் போன ரயரை மாற்றச் சென்ற இடத்தில், நட்டுகள் எதிர்பாராதபடி இலகுவாகக் கழன்றன. கழற்றிப் பார்த்தால், நட்டு வந்து அமரும் சரிவான குழிகளில் அந்தப் பூச்சு நசிந்து பிசின்போலக் கிடந்தது. அந்த இடத்தில் உலோகமும் உலோகமும்தான் தொட வேண்டும். இடையில் மென்மையான படலம் இருந்தால் அது ஓட்டத்தில் நசிய, நட்டின் இறுக்கம் தளரும். ஏற்கெனவே இப்படி அடித்தவர்கள் முதலில் அந்தக் குழிகளைத் துப்புரவாக்கி, நட்டுகளை உரிய அளவில் மீண்டும் இறுக்கிக்கொள்ளுங்கள். பிறேக் தட்டிலும் சிதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூச்சு நல்ல பொருள்தான்; முறையாக அடித்த சில்லுகளை நான் பார்த்திருக்கிறேன். அடிக்கக் கொடுப்பவர்கள், மூடி உடைக்காத ரின்களைத் தங்கள் முன்னிலையில் திறக்கும்படி கேளுங்கள். அதே ரின்னிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டில் அடிப்பித்து, உலர்ந்தபின் உரித்துப் பார்த்துவிட்டே சில்லைக் கொடுங்கள். இதற்குச் சம்மதியாத கடையில் நிற்காதீர்கள். பற்றுச்சீட்டில் “உரிக்கக்கூடிய பூச்சு” என்று எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

நானும் முறையிட்டிருக்கிறேன். அது முடிவடையும்வரை கடையின் பெயரை வெளியிட மாட்டேன் என்பதால், தயவுசெய்து அதைக் கேட்டு எழுத வேண்டாம்.