கைப்பேசிப் படிப்பா, மையத்து வகுப்பா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் வேலை தேடுவோர் திறன் கற்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசின் மனிதவள மேம்பாட்டு அமைப்பான எச்ஆர்டி கார்ப் நடத்தும் இ-லாத்தி இணையப் பயிற்சித் தளத்தில் இலவசமாகப் படிப்பது. இன்னொன்று, முன்பு பெடி என்றிருந்து இப்போது நாடி எனப் பெயர் மாறிய சமூக இணைய மையங்களில் போய் உட்கார்ந்து கற்பது.

கைப்பேசியில் என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகும் படிக்கலாம், பஸ் காசும் மிச்சம். ஆனால் டேட்டா வேண்டும், ஆங்கிலமோ மலாயோ ஓரளவு ஓட வேண்டும்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வாட்சாப்பில் கெட்டிக்காரர். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிய உட்கார்ந்தவர், 'மூவாட் நாயிக்' (பதிவேற்று) பொத்தானில் நின்றுவிட்டார். பயோடேட்டாவை மேசையில் வைத்துப் படம் பிடித்தார்; கை நிழல் பாதித் தாளை மறைத்தது. கடவுச்சொல்லைக் கடை ரசீதின் பின்னால் எழுதி, அந்த ரசீதையும் தொலைத்தார். இதற்கெல்லாம் காணொளி உதவாது. மையத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார், அதே கேள்வியை நான்கு முறை கேட்கலாம். கூச்சம் போவதே பாதிப் படிப்பு.

மையத்தின் பெரிய குறை போக்குவரத்துதான். மோட்டார் சைக்கிள் இல்லாத பெண்கள் எப்படிப் போவார்கள்?

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகளுக்கு இணையமே போதும். 40 தாண்டியவர்கள் முதலில் மையத்துக்குப் போகட்டும், அப்புறம் இ-லாத்தி. சரி, வாரம் ஒரு நாள் கோயில் கமிட்டி ஒரு வேன் விட்டால்கூட எத்தனையோ அக்காமார் கிளம்பிவிடுவார்கள்.