மூன்று ஆப்பிரிக்கச் சில்லைகள்: பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்வது?

ஆப்பிரிக்காவின் குட்டி ஃபின்ச் பறவை ஒன்றைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்றால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் நீல நிறப் பறவையைத்தான் எடுப்பார்கள். சார்ட்டில் ஒட்டினால் எடுப்பாக இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்து முடித்த பிள்ளை "அப்புறம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குச் சொல்ல எந்தப் பறவையிடம் அதிகம் இருக்கிறது என்பதுதான் இங்கே என் அளவுகோல். அழகு இரண்டாம் பட்சம்.

போட்டிக்கு எடுத்துக்கொண்டவை மூன்று. காமன் வாக்ஸ்பில், ப்ளூ-கேப்டு கார்டன் ப்ளூ (cordon-bleu), ரெட்-பில்டு ஃபயர்ஃபின்ச். தமிழில் இவற்றுக்கு நிலைத்த பெயர்கள் இல்லாததால் வாக்ஸ்பில், நீலத்தொப்பி, ஃபயர்ஃபின்ச் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

பிள்ளைகளிடம் முதலில் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இவை மூன்றும் நமக்கு அந்நியமான பறவைகள் இல்லை. நம் வயல்களில் கதிரைப் பிடித்துத் தொங்கும் புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை எல்லாம் எந்தக் குடும்பமோ, இவையும் அதே எஸ்ட்ரில்டிடே குடும்பம்தான். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று மூன்று பக்கமும் பரவிய இந்தக் குடும்பத்தில் சுமார் 140 இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் 'அசல்' ஃபின்ச்கள் வேறு குடும்பம். டார்வின் பெயரில் புகழ்பெற்ற கலாபகஸ் ஃபின்ச்கள் அதிலும் சேராது, இதிலும் சேராது. கூம்பு அலகோடு விதை தின்னும் குட்டிப் பறவை எதைக் கண்டாலும் ஃபின்ச் என்று கூப்பிட்டதால் வந்த குழப்பம் இது.

உருவத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபயர்ஃபின்ச் சுமார் 10 செ.மீ., வாக்ஸ்பில் 11 முதல் 13 செ.மீ., நீலத்தொப்பி ஏறக்குறைய 13 செ.மீ. எடை எல்லாம் 10 கிராமை ஒட்டித்தான். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தால் போதும், அது 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுப் பறவை, எலும்பு, இறகு, இதயம் எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

நீலத்தொப்பிக்குக் கண்கவர் பிரிவில் போட்டியே இல்லை. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா பக்கத்து வறண்ட முட்காடுகளில் வாழும் இதில், ஆணுக்குத் தலை முழுக்க வானநீலம். பெண்ணுக்கு முகத்தில் மட்டும் நீலம், உச்சந்தலை பழுப்பு. இவ்வளவோடு முடிந்திருந்தால் படத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. 2015இல் ஜப்பானிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் இதைக் காப்பாற்றுகிறது. இந்தப் பறவை ஒரு புல் இழையை அலகில் கவ்விக்கொண்டு, குச்சிமேல் நின்று, எம்பி எம்பிப் பாடித் துணையைக் கவரும் என்பது முன்பே தெரிந்ததுதான். விநாடிக்கு 300 படம் பிடிக்கும் கேமராவை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு எம்பலுக்குள்ளும் கால்கள் பலமுறை குச்சியில் தட்டுவது தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அது சும்மா ஒரு துள்ளல். மெதுவாக ஓட்டினால் அடவு! அதுவும் ஆண் மட்டும் ஆடவில்லை, பெண்ணும் ஆடுகிறது, பெண்ணும் பாடுகிறது. துணை அதே குச்சியில் உட்கார்ந்திருந்தால் தட்டு இன்னும் கூடுகிறது. குச்சி வழியாகப் போகும் அதிர்வும் ஒரு செய்தியாக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். 2018இல் வந்த அடுத்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வேறு பறவை வேடிக்கை பார்த்தால் இந்த ஜோடி பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்து இன்னும் அதிகமாக நடத்துகிறது, ஆனால் ஆட்டம் துணையை நோக்கித்தான், கூட்டத்தை நோக்கி இல்லை.

இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் உடனே எழுந்து ஆடிப் பார்க்கும். ஒரு குறை மட்டும் உண்டு. அந்த ஸ்லோமோஷன் வீடியோவைக் காட்டாமல் இதை வாயால் சொன்னால் பாதி சுவை போய்விடும். கையில் போனோ ப்ரொஜெக்டரோ இல்லாத வகுப்பறையில் நீலத்தொப்பி மறுபடியும் வெறும் அழகான படம்தான்.

வாக்ஸ்பில் இதற்கு நேர் எதிர். பழுப்பு உடம்பில் மெல்லிய கோடுகள், கண்ணை ஒட்டிச் சிவப்புப் பட்டை, மெழுகு பூசியது போன்ற சிவப்பு அலகு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சஹாராவுக்குத் தெற்கே, தண்ணீர் ஓரத்து உயரமான புல்வெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கூட்டம் கூட்டமாகக் காணலாம். முதல் பார்வையில் ஈர்க்காத இந்தப் பறவையிடம் சின்னப் பிள்ளைகளை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் சங்கதி ஒன்று இருக்கிறது. இது தன் கூட்டில் மாமிசம் தின்னும் விலங்குகளின் மலத்தைக் கொண்டுவந்து வைக்கும்.

ஏன்? கூடு பெரும்பாலும் தரையிலோ தாழ்ந்த புல்லிலோ இருக்கிறது. எலி போன்றவை எளிதாக வந்து முட்டையைத் தின்றுவிடும். தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆய்வாளர் போலிக் கூடுகள் செய்து, சிலவற்றில் மலம் வைத்தும் சிலவற்றில் வைக்காமலும் சோதித்துப் பார்த்தார். மலம் வைத்த கூடுகளில் முட்டைகள் அதிகம் தப்பின. 2005இல் இது வெளியானது. எலிக்குப் பூனைசாதி விலங்கின் வாடை என்றால் பயம் வரத்தானே செய்யும். இந்தச் சோதனையின் அழகு, இதைப் பிள்ளைகளே புரிந்துகொள்ள முடியும் என்பது. ஒரே மாதிரி கூடுகள், ஒரே ஒரு வித்தியாசம், எது பிழைக்கிறது என்று எண்ணு, அவ்வளவுதான். அறிவியல் சோதனை என்றால் என்ன என்று விளக்க இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. வாக்ஸ்பில் தன் கூட்டுக்கு மேலேயே போலியாக இன்னொரு சின்னக் கூடும் கட்டி வைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்தப் பறவைக்கு இன்னொரு முகம் உண்டு. கூண்டுப் பறவையாகக் கப்பலேறி, தப்பிப் போய், ஊர் ஊராகக் குடியேறிவிட்டது. போர்ச்சுகலில் 1960களில் நுழைந்தது, இப்போது ஸ்பெயினிலும் உண்டு. பிரேசிலில் உண்டு. தெற்கு அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவிலும் உண்டு. பெரிய பிள்ளைகளிடம் 'கூண்டைத் திறந்து விட்டால் புண்ணியம்தானே' என்ற பேச்சு வரும்போது இந்த வரலாறு உதவும்.

மூன்றாவது, ஃபயர்ஃபின்ச். ஆணுக்குத் தலையிலிருந்து மார்புவரை செந்நிறம், இறக்கை பழுப்பு, கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், மார்பின் பக்கவாட்டில் ஊசி குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள். பெண் பெரும்பாலும் பழுப்புதான், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் மட்டும் சிவப்பு. செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை, தெற்கே தென்னாப்பிரிக்கா வரை பரவியிருக்கும் இது, மூன்றிலும் மனிதர்களோடு அதிகம் ஒட்டியது. கூரை வேய்ந்த புல்லுக்குள், சுவர்ப் பொந்துக்குள், வேலிப் புதருக்குள் பந்து மாதிரிக் கூடு கட்டி உள்ளே இறகு பரப்பிவிடும். முற்றத்தில் கம்பு இடிக்கும்போது சிந்துவதைப் பொறுக்க வாசல்வரை வரும். நாம் கூழ் காய்ச்சும் அதே கம்புதான். அந்தத் தானியம் சஹாராவின் தெற்கு ஓரத்தில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்கு வந்தது. பறவையைக் காட்டுகிற சாக்கில் கம்பின் ஊரையும் காட்டிவிடலாம்.

ஆனால் இந்தப் பறவையை நான் மேலே வைப்பதற்குக் காரணம் இது இல்லை. இதன் கூட்டில் இன்னொரு பறவை முட்டையிடுகிறது. வில்லேஜ் இன்டிகோபேர்ட் என்று பெயர். ஆண் மினுமினுக்கும் கருநீலம், பெண் ஊர்க்குருவி போலக் கோடுபோட்ட பழுப்பு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான், அதனால் கதைக்குள் நுழைவது எளிது. நுழைந்த பிறகுதான் திருப்பங்கள்.

முதல் திருப்பம் வாய்க்குள். ஃபயர்ஃபின்ச் குஞ்சு இரை கேட்டு வாயைத் திறந்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகளும், வாயோரத்தில் வெளிறிய சின்னக் குமிழ்களும் தெரியும். இருட்டுக் கூட்டுக்குள் தாய்க்கு அதுதான் இலக்கு. இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் இறக்கையை அடித்துக்கொண்டு கேட்காது. குனிந்து, கழுத்தைத் திருகி, வாயை மேல்நோக்கித் திறந்து காட்டும். இன்டிகோபேர்ட் குஞ்சின் வாயிலும் ஏறக்குறைய அதே கோலம் இருக்கிறது. கூடவே, ஐரோப்பாவின் குக்கூ என்ற குயிலினத்தின் குஞ்சைப் போல இது மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளுவதில்லை. வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளர்கிறது. வில்லனா இல்லையா என்று ஒரு வகுப்பு முழுக்கச் சண்டை போடத் தேவையான அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது திருப்பம் பாட்டில். குயிலைக் காக்கை வளர்த்தாலும் வளர்ந்த பின் அது குயிலாகத்தான் கூவும். ஆண் இன்டிகோபேர்ட் அப்படி இல்லை. தன்னை வளர்த்த ஃபயர்ஃபின்ச்சின் பாட்டைக் கற்றுக்கொண்டு, அதையும் தன் பாட்டில் கலந்து பாடுகிறது. பெண் இன்டிகோபேர்டும் அதே பாட்டைக் கேட்டு வளர்ந்ததுதானே? அந்தப் பாட்டைப் பாடுகிற ஆணைத் தேடிப் போகிறது, அந்தப் பாட்டுக்குரிய பறவையின் கூட்டைத் தேடி முட்டையிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெய்னும் அவருடைய குழுவும் இதைச் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். இன்டிகோபேர்ட் குஞ்சுகளை ஃபயர்ஃபின்ச்சுக்குப் பதிலாக பெங்காலீஸ் ஃபின்ச் ஜோடிகளிடம் வளரக் கொடுத்தார்கள். வளர்ந்த ஆண்கள் பெங்காலீஸ் ஃபின்ச்சின் பாட்டைப் பாடின. பெண்கள் முட்டையிட பெங்காலீஸ் ஃபின்ச் கூட்டைத் தேடின. யார் வளர்த்தார்களோ அவர்கள் வீட்டுப் பாட்டு! அந்த பெங்காலீஸ் ஃபின்ச் யார் என்று பார்த்தால், நம் ஊரிலும் இலங்கையிலும் இருக்கும் வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஆசியாவில் வளர்த்தெடுக்கப்பட்ட வீட்டுப் பறவை. செல்லப்பிராணிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது.

நியாயமாகச் சொன்னால் வாக்ஸ்பில்லுக்கும் இப்படி ஒரு விருந்தாளி உண்டு, பின்-டெயில்டு வைடா. உடம்பைவிட நீளமான, சுமார் 20 செ.மீ. வால் வளர்க்கும் ஆண், படத்தில் இன்டிகோபேர்டைவிடப் பிரமாதமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் குடியேறிய வைடாக்கள் அங்கே வாக்ஸ்பில்லுக்குப் பதிலாக, அவற்றைப் போலவே வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த நம் புள்ளிச் சில்லையின் கூட்டில் முட்டையிடுகின்றன. ஆனால் வளர்த்தவர் பாட்டைக் கற்றுக்கொண்டு அதை வைத்தே துணையையும் கூட்டையும் கண்டுபிடிக்கும் கதை இன்டிகோபேர்டிடம் இருக்கும் அளவுக்குத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

ஆகவே என் வரிசை இது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் வாக்ஸ்பில்தான், தயங்கவே வேண்டாம். மலம் என்ற சொல் வந்ததுமே வகுப்பு உங்கள் கையில். வீடியோ காட்ட வசதி இருந்தால் எந்த வயதுக்கும் நீலத்தொப்பி. எட்டு வயதைத் தாண்டி 'ஏன்' என்று விடாமல் கேட்கும் பிள்ளைக்கு ஃபயர்ஃபின்ச். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றாலும் என் ஓட்டு ஃபயர்ஃபின்ச்சுக்குத்தான்.

'இதை வீட்டில் வாங்கி வளர்க்கலாமா?' என்ற கேள்வி எப்படியும் வரும். மூன்றுமே அழியும் நிலையில் இல்லாத பறவைகள்தான். ஆனாலும் காட்டில் பிடித்து லட்சக்கணக்கில் ஏற்றுமதி செய்த வரலாறு இந்தக் குடும்பத்துக்கு உண்டு. பறவைக் காய்ச்சல் பயத்தில் 2005இல் காட்டுப் பறவை இறக்குமதியை நிறுத்திய ஐரோப்பிய ஒன்றியம், 2007இல் அதை நிரந்தரத் தடையாக்கியது. நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

கடைசியாகப் படம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஃபயர்ஃபின்ச் என்று தேடினால் நம் சிவப்புச் சில்லையின் படமும் அடிக்கடி வந்து நிற்கும், இரண்டுமே சிவப்பு, இரண்டுக்குமே வெள்ளைப் புள்ளி. இறக்கையைப் பாருங்கள். சிவப்புச் சில்லையின் கருத்த இறக்கைமேல் பெரிய வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். ஃபயர்ஃபின்ச்சின் இறக்கை புள்ளியில்லாத பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். நீலத்தொப்பியிலும் இதே சிக்கல் உண்டு. கன்னத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் அது அதன் நெருங்கிய சொந்தமான ரெட்-சீக்டு கார்டன் ப்ளூவின் ஆண். நடனம் பற்றிச் சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைக் காட்டினால், முன்வரிசைப் பிள்ளை ஒன்று கட்டாயம் கை தூக்கும்.