12 இஞ்சி ட்ரஸ் ரெலஸ்கோப்பும் திருகோணமலை உப்புக்காத்தும்: ரெண்டு வருச அனுபவம்

வாங்கி ரெண்டு வருசம் தாண்டிட்டுது. முதல் மாசத்திலயே இதை எழுதியிருந்தா முழுக்கத் திட்டாத்தான் இருந்திருக்கும், நல்ல காலம் எழுதேல்ல.

சாமான் என்னெண்டா 12 இஞ்சி கண்ணாடி, குவியத்தூரம் 1524 மி.மீ., அதாவது எஃப் 5 (குவியத்தூரம் கண்ணாடி அகலத்தின்ட அஞ்சு மடங்கு), கையால மேல கீழ, பக்கவாட்டில திருப்புற டொப்சோனியன் அடித்தளம். ரியூப் ஒரே துண்டா வராது, கீழ கண்ணாடிப் பெட்டி, மேல ஒரு வளையம், நடுவில ஆறு அலுமினியக் குழாய், இதைத்தான் ட்ரஸ் எண்டுறது. எல்லாம் சேத்து 35 கிலோவுக்கு மேல வரும், தனிய தூக்கலாம் எண்டு வீரம் காட்டி முதுகு பிடிச்சதுதான் மிச்சம். முத்தத்தில வச்சுப் பூட்டேக்க பக்கத்து வீட்டு ஆச்சி மதிலால எட்டிப் பாத்திட்டு "என்ன தம்பி, கோட்டைக்குப் பீரங்கி செய்யிறியோ" எண்டு கேட்டவ.

பூட்டுறது லேசு, அரை மணித்தியாலம் காணும். ஆனா ஒவ்வொரு குழாயும் ஒவ்வொருக்காலும் அதே ஓட்டைக்குள்ளதான் போகோணும், மாத்திப் பூட்டினா முதல்நாள் செய்த கொலிமேசன், அதாவது கண்ணாடியளை நேராக்கின வேலை, எல்லாம் வீண். மனிசியின்ட கியூடெக்ஸ் எடுத்து குழாய்க்கும் வளையத்துக்கும் ஒரே கலர்ல புள்ளி வச்சனான், ரெண்டு வருசமா அழியேல்ல, போத்தலைக் கேட்டாத்தான் இன்னும் பேச்சு விழுது.

இனி கொலிமேசன். பெரிய கண்ணாடியும் மேல இருக்கிற சின்னக் கண்ணாடியும் கண் வச்சுப் பாக்கிற ஐபீசும் ஒரே நேருக்கு வாறதுதான் விசயம். நீளமான எஃப் 8 ரெலஸ்கோப்பில நடுவில கிட்டத்தட்ட 11 மி.மீ. அகலத்துக்குப் படம் வால் இல்லாமச் சுத்தமா இருக்கும், எஃப் 5இல அது 3 மி.மீ.கூட இல்ல, அந்தப் பொட்டு ஐபீசின்ட நடுவில விழாட்டி எந்த நட்சத்திரமும் குட்டி வால்வெள்ளி மாதிரித்தான் தெரியும். எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது, மூண்டு கிழமையா.

காரணம் லேசர். மலிவா ஒரு லேசர் கொலிமேற்றர் எடுத்தனான், சிவப்புப் புள்ளியைக் கண்ணாடி நடுவில இருக்கிற வளைய ஸ்ரிக்கருக்கு கொண்டுவந்து, திரும்பி வாற புள்ளியையும் சரிபண்ணி, எல்லாம் அச்சொட்டா இருக்கும், வெளிய போய் வியாழனைப் பாத்தா கஞ்சி. கண்ணாடி பழுது, கடைக்காரன் ஏமாத்திட்டான் எண்டே முடிவெடுத்திட்டன். பிறகு ஒருநாள் பலகைத் துண்டொண்டில நாலு ஆணி அடிச்சு, லேசரை அதுக்கு மேல படுக்க வச்சு மெதுவா உருட்டினன். ஒழுங்கான லேசர் எண்டா புள்ளி அசையாம நிக்கோணும். இது விறாந்தைச் சுவரில தேசிக்காய் அளவுக்கு ஒரு வட்டம் கீறிக் காட்டிச்சு! பிழையான கோட்டை வச்சு நான் மூண்டு கிழமையா ரெலஸ்கோப்பை நேராக்கிக் கொண்டிருந்திருக்கிறன்.

லேசருக்குப் பதிலா, டவுனில ஒரு பழைய ஸ்ரூடியோவில வெறும் 35 மி.மீ. ஃபிலிம் டப்பி ஒண்டு சும்மா தந்தவை. அது ஐபீஸ் செருகுற ஒண்டேகால் இஞ்சி ஃபோக்கசருக்குள்ள அளவெடுத்த மாதிரி இருக்கும். அடியில நட்ட நடுவில சின்ன ஓட்டை போட்டு அதுக்குள்ளால பாக்கிறது, அவ்வளவுதான். சின்னக் கண்ணாடிக்குள்ள பெரிய கண்ணாடி முழுசாத் தெரியோணும், பிறகு அந்த ஸ்ரிக்கர் வளையத்துக்குள்ள நான் பாக்கிற ஓட்டை கறுப்புப் புள்ளியா வந்து நிக்கோணும். லேசரை இப்ப அதின்ட ஒளியை விரிக்கிற பார்லோ லென்ஸ் போட்டுத்தான் பாவிக்கிறன், அப்ப வளையத்தின்ட நிழலைப் பாத்துத் திருப்புறதால லேசர் கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவாயில்ல.

கஷ்டம் என்னெண்டா ஓட்டையில கண் வச்சுக் கொண்டு பெரிய கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற ஸ்குரூவைத் திருப்ப என்ட கை எட்டாது. மகள்தான் பின்னுக்கு. "அப்பா எந்தப் பக்கம்?" "வலப்பக்கம்... இல்லையம்மா, உனக்கு இடப்பக்கம்" எண்டு ரெண்டு பேரும் கத்துப்பட்டு, கடைசியில அவவே மூண்டு ஸ்குரூவுக்கும் ஆனா, ஆவன்னா, ஈனா எண்டு பேர் வச்சிட்டா. இப்ப "ஆவன்னா கால் சுத்து" எண்டா முடிஞ்சுது, அஞ்சு நிமிச வேலை. லொக் ஸ்குரூக்களைச் சும்மா தொடுற அளவுக்குத்தான் இறுக்கோணும், முறுக்கினா எல்லாம் திரும்ப விலகும். சின்னக் கண்ணாடியைத் திருப்பேக்க ரியூப்பைக் கட்டாயம் படுக்கப் போடுங்கோ, எலன் கீயை நூலால கையில கட்டுங்கோ. என்ட கை ஒருக்கா வழுக்கினது, ரியூப் படுத்திருந்தபடியா பெரிய கண்ணாடி தப்பிச்சுது.

கடைசிப் பரிசோதனை நட்சத்திரத்திலதான், ஃபோக்கசைக் கொஞ்சம் விலத்தினா வாற வளையங்கள் ஒண்டுக்குள்ள ஒண்டு நடுவா இருக்கோணும். இதுக்குத் துருவ நட்சத்திரத்தை வைக்கச் சொல்லுவினம், அசையாது எண்டு. எங்கட ஊரில அது வெறும் 8.5 பாகை உயரம், பக்கத்து வளவுத் தென்னையைத் தாண்டி வராது, வந்தாலும் கடல் ஈரத்துக்குள்ள துடிச்சுக் கொண்டு நிக்கும். நான் சுவாதி நட்சத்திரத்தை உயரத்தில பிடிச்சு, தள்ளித் தள்ளிப் பாக்கிறன்.

சரியா வந்த முதல் ராத்திரி ஒரு வைகாசி, குச்சவெளிப் பக்கம் கொண்டு போனனாங்கள், உப்புவெளி நிலாவெளியில இப்ப ஹோட்டல் வெளிச்சம் கூட. தெற்க ஒமேகா சென்ரோறி எண்ட நட்சத்திரக் கூட்டம் 34 பாகை உயரத்தில, தட்டில சீனி கொட்டின மாதிரி பொடிப்பொடியா. தென்சிலுவையின்ட அடி நட்சத்திரம் ரெண்டாப் பிரிஞ்சு நிண்டிச்சு. மச்சான் ஐபீசை விட்டு எழும்பவே இல்ல.

இப்ப உண்மையான பிரச்சினை, உப்பும் ஈரமும். ஈரத்துக்குப் பயந்து ஏசி அறைக்குள்ள வச்சனான், என்ட வாழ்க்கையில செய்த மொக்கு வேலையில இதுவும் ஒண்டு. வெளிய எடுத்த உடன கண்ணாடி முழுக்கப் புகார் பிடிச்சு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஒண்டும் தெரியேல்ல. இப்ப சாதாரண அறையிலதான், எங்கட பகல் இரவுச் சூட்டு வித்தியாசம் பெரிசில்லாதபடியா கண்ணாடி கெதியா ஆறிப்போகும். வந்த ஸ்பிரிங்கும் ஸ்குரூவும் ஒரு வருசத்தில துரு, ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூவும் தடிச்ச ஸ்பிரிங்கும் மாத்தினனான், அதோட ரியூப்பைச் சரிக்கேக்க கொலிமேசன் விலகுறதும் குறைஞ்சுது. கண்ணாடி ஒருக்காத்தான் கழுவினது, டிஸ்ரில் வோட்டரும் ரெண்டு சொட்டுச் சோப்பும், தேய்க்கவே கூடாது.

குழாயைச் சுத்திப் போட கறுப்புத் துணி வேணும், ஐயப்பனுக்கு மாலை போடுற சீசனில மலிவா எடுத்துத் தைப்பிச்சன். வெளிச்சம் மறைக்கும், ஆனா கச்சான் காத்தடிச்சா பாய்மரம் மாதிரி ரியூப்பையே திருப்பிப் போடும், ஆனி ஆடியில பலநாள் கழட்டிட்டுத்தான் பாக்கிறன்.

அடித்தளப் பலகைதான் படுமோசம். அமுக்கின தூள் பலகை, போன மாரியில ஓரமெல்லாம் ஊதிப்போச்சு, திருப்பேக்க கறகற எண்டு சத்தம். மரைன் பிளைவுட்டில வெட்டக் குடுத்திருக்கு, வைகாசிக்கு முதல் தாறன் எண்டு மேசன் அண்ணையின்ட தம்பி, அவர்தான் தச்சு வேலை, சொன்னவர், எந்த வைகாசி எண்டு கேக்க மறந்திட்டன்.