கவுட்டோடு ஊர்ப் பயணம்: இரத்தப் பரிசோதனையிலிருந்து காய்கறித் தட்டு வரை

யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் படிந்து வலியும் வீக்கமும் தரும் நோய் கவுட். வெளிநாட்டில் அதற்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களுக்கு நான்கு சேவைகள் தேவைப்படுகின்றன: இரத்தப் பரிசோதனை, உணவு ஆலோசனை, மருந்துக்கடை, வெளிச்சாப்பாடு. இவற்றில் பரிசோதனை நன்றாகவே நடக்கிறது. உணவு ஆலோசனைதான் பலவீனமான இடம். ஆலோசனை என்று கையில் தரப்படும் தாளைப் பார்த்துவிட்டுப் பலர் காய்கறியையே ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் கீழே காய்கறிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் பரிசோதனை. வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்து, அன்றே கைபேசிக்கு முடிவை அனுப்பும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் சீட்டைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். பல நாடுகளில் யூரிக் ஆசிட்டை லிட்டருக்கு மைக்ரோமோல் என்று அச்சிடுகிறார்கள். ஊரில் வருவது பெரும்பாலும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். மில்லிகிராம் எண்ணை 59.5-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கிடைக்கும். 6 என்பது சுமார் 360, 7 என்பது சுமார் 416.

இன்னொன்று, சீட்டின் ஓரத்தில் இருக்கும் 'இயல்பு அளவு' கவுட் உள்ளவருக்கான அளவு அல்ல. 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரேட், அதாவது இரத்தத்திலுள்ள யூரிக் ஆசிட், முழுதாகக் கரைந்து நிற்காது, படிகமாகத் தொடங்கும். அதனால் சிகிச்சையில் இருப்பவருக்கு இலக்கு 6-க்குக் கீழே. மூட்டருகே அல்லது காது மடலில் கட்டி திரண்டவருக்கு 5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சீட்டில் 6.7 என்பது தடித்த எழுத்தில் இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் எண் குறைவாகவும் காட்டலாம். வீக்கம் தணிந்து இரண்டு வாரமாவது கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் சரி. கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். மருந்தின் அளவும், காய்கறியில் பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டுமா என்பதும் சிறுநீரகத்தைப் பொறுத்தவை.

அடுத்து அந்த உணவுத் தாள். கீரை, காளான், காலிஃப்ளவர், பட்டாணி, பருப்பு எல்லாவற்றுக்கும் அதில் குறுக்குக்கோடு போட்டிருக்கும். உடலில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் இருக்கும் பொருள் எதுவானாலும் ஆகாது என்ற பழைய கணக்கு அது. 2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, நாற்பத்தேழாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பால் பொருட்கள் அதிகம் சேர்த்தவர்களுக்குக் குறைந்தே இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே தாள் நகலெடுக்கப்பட்டுக் கைக்குக் கை போவது வருத்தமான விஷயம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவருக்குக் காய்கறியைப் பறிப்பது நேரடியான தீங்கு.

அளவைப் பார்த்தாலே விளங்கும். நூறு கிராம் பசலைக் கீரையிலும் காலிஃப்ளவரிலும் பியூரின் ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிகிராம், புரோக்கோலியில் 70 அளவில். அதே நூறு கிராம் கோழி ஈரலில் 300-க்கு மேல், மத்தி மீனில் 200-க்கு மேல், நெத்திலிக் கருவாட்டில் ஆயிரத்தைத் தாண்டும். ஜப்பானிய மருத்துவ வழிகாட்டி ஒரு நாளுக்கு 400 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. வெந்த கீரை ஒரு கிண்ணம் அந்தக் கணக்கில் சின்னப் பங்குதான். வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ், கேரட், பூசணி, சுரைக்காய் போன்றவற்றுக்குக் கணக்கே போட வேண்டாம். உடலில் உள்ள யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடலே உண்டாக்குவது. அதனால் எவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் எண் பொதுவாக ஒரு மில்லிகிராம் அளவுதான் குறையும். 9-ல் இருப்பவர் கீரையை விட்டால் 6-க்கு வந்துவிட மாட்டார்.

தக்காளி தனிக் கதை. பியூரின் மிகக் குறைவு. ஆனாலும் தக்காளி சாப்பிட்டால் வலி வருகிறது என்று கவுட் உள்ளவர்கள் கணிசமானோர் சொல்வது 2015-ல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. எல்லோரும் விட வேண்டியதில்லை. உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

காய்கறியில் உண்மையான எச்சரிக்கை வேறு இடங்களில் இருக்கிறது. கவுட் உள்ளவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஆக்சலேட் (சில காய்களில் உள்ள உப்பு) கல் வந்தவர் பசலைக் கீரை, பீட்ரூட் இரண்டையும் அடிக்கடி எடுக்க வேண்டாம். எடுக்கும்போது நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தயிரோடு சாப்பிடலாம். தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். வடிப்பதால் பியூரினிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவரும் காயைச் சிறு துண்டாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் கீரையை நிறுத்தவும் கூடாது, ஊர் வந்த மகிழ்ச்சியில் திடீரென்று கூட்டவும் கூடாது. வழக்கமான அளவிலேயே வையுங்கள், கீரையிலுள்ள வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் வேலையும் ஏறி இறங்கும்.

வெளிச்சாப்பாட்டில் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன காய்' என்பதல்ல, 'எதில் வெந்தது' என்பது. காய்கறி சூப் என்று எழுதியிருப்பது கோழி எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். எலும்பும் இறைச்சியும் கொதிக்கும்போது பியூரின் நீரில் இறங்குகிறது, காயைவிட அந்தச் சாறுதான் சுமை. வதக்கிய காளானில் சிப்பி சாஸோ மீன் சாஸோ சேர்ந்திருக்கலாம். பரிமாறுபவருக்குப் பல நேரம் தெரியாது, சமையலறையில் கேட்டுவந்து சொல்லச் சொல்லுங்கள். மறுக்கிற இடம் குறைவு. கூடவே வரும் இனிப்புக் குளிர்பானத்தையும் பெரிய குவளைப் பழச்சாற்றையும் தவிருங்கள். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸை ஈரல் உடைக்கும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. பியர் என்ற மது அதைவிட மோசம்.

பச்சைக் காய்கறி சாலட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயணத்தில் கழுவாத இலையாலும் முன்கூட்டி நறுக்கி வெளியில் வைத்த காயாலும் வயிற்றுப்போக்கு வரலாம். உடலில் நீர் வற்றினால் யூரிக் ஆசிட் செறிவு ஏறும், அதுவே வலியைக் கிளப்பிவிடும். கவுட் வலிக்கான கோல்சிசின் எடுக்கிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த மருந்து கூடிப்போனாலும் முதலில் வருவது வயிற்றுப்போக்குதான். காரணம் உணவா மருந்தா என்று பிரித்தறிய முடியாது. அப்படி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். பயணம் முடியும்வரை வெந்த காயையே நம்புங்கள். பச்சையாகத் தின்ன வேண்டுமென்றால் நீங்களே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவியது மட்டும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர் விமானத்தில் ஏறியதிலிருந்தே நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் நீர் குடிப்பது நல்லது.

மருந்துக்கடையில் வேகம் இருக்கிறது, கேள்வி குறைவு. வெளிநாட்டு வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட், வலிக்கான கோல்சிசின் என்று மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் கோல்சிசின் 0.6 மில்லிகிராமில் வருகிறது, இந்தியாவிலும் பிரிட்டனிலும் 0.5. எத்தனை மாத்திரை என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் இங்கே பிசகுவார். யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று சொன்னதும் அலோபியூரினால் 300 எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் மருத்துவர் சொல்லி 100 அல்லது அதற்கும் குறைவாகத்தான் தொடங்க வேண்டும். தொடக்கமே அதிகமானால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமைக்கு வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் வலி வந்த நாளிலும் அதை நிறுத்தக் கூடாது. தொண்டை வலிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தந்தால் கோல்சிசின் எடுப்பதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் கோல்சிசின் உடலில் தேங்கி நஞ்சாகும். சிறுநீரகம் தளர்ந்தவர் டைக்லோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

மூட்டு சிவந்து கொதிக்கிறது, கூடவே குளிர்காய்ச்சலும் இருக்கிறது என்றால் கவுட்தான் என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றும் இப்படித்தான் தொடங்கும். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போங்கள்.