கழுத்துத் துளைக்கு ஃபோம் டிரஸ்ஸிங்: காசுக்கு ஏற்ற பலன் உண்டா?

மூச்சுவிடக் கழுத்தில் போட்டுக் குழாய் செருகும் டிரக்கியாஸ்டமி துளையைச் சுற்றிச் சளி ஓயாமல் கசிகிறவர்களுக்கு, சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் காஸ் எனும் மெல்லிய வலைத்துணி சரிப்பட்டு வராது. சளியோடு வியர்வையும் சேர்ந்து ஊறும். ஊறிய காஸ் கழுத்தில் கிடக்கக் கிடக்கத் தோல் வெளுத்து, குளத்தில் நெடுநேரம் நின்ற பாதம்போலச் சுருங்கி, பிறகு உரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் டிரஸ்ஸிங் நல்ல பொருள். துளை உலர்ந்து, தோல் நன்றாக இருப்பவருக்கோ அது தண்டச்செலவு. அவருக்குச் சுத்தம் செய்தாலே போதும்.

ஃபோம், குழாய் நுழையும் பிளவோடு வெட்டியே வருகிறது, 9 செ.மீ. சதுரம் பரவலாகக் கிடைக்கும் அளவு. தோலைத் தொடும் பக்கம் புண்ணில் ஒட்டாது, நடுவில் உள்ள ஃபோம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெளிப்பக்கம் நீர் கசியாத மெல்லிய படலம். இதைத் திருப்பி வைத்துவிட்டால் சளி அடியிலேயே தேங்கிவிடும். வீட்டுக்குப் புதிதாக வந்த பணிப்பெண்ணுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று சாதாரண காஸைக் கத்தரியால் வெட்டிச் செருகுவதும் ஆபத்து: பிரிந்த நூல் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் சளியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுவே இருமல் வந்து புது ஃபோமும் நனையும். ஒருவர் கழுத்தின் மேல் படிந்திருக்கும் குழாயின் தகட்டை விரலால் பிடித்தபடியே இருக்க, மற்றவர் சலைன் எனும் உப்புநீரில் நனைத்த காஸால் துளையிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, தகட்டின் அடியிலும் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், ஆறுகிற திசுவை அது அரிக்கும். பவுடரும் வேசலினும் கூடவே கூடாது. தோல் சிவந்திருந்தால் ஆல்கஹால் இல்லாத பாதுகாப்புப் படல ஸ்பிரே அடித்துக் காயவிடலாம். கெட்டியான துத்தநாகக் களிம்பு ஃபோமின் வாயை அடைத்துவிடும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி.

குறை என்றால் தடிமன்தான். கழுத்து குட்டையானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஃபோம் தகட்டை முன்னால் தள்ளிவிடும். உள்ளே குழாயின் நுனி இடம் மாறி இருமலைக் கிளப்பும். இரண்டு ஃபோம்களை அடுக்கி வைப்பதை எந்தத் தாதியும் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொரு குறை, வெளிப்படலம் பளிச்சென்று இருப்பதால் அடியில் ஊறிக் கிடப்பது தெரியாது. காய்ந்ததுபோல் இருந்தாலும் தினம் ஒரு முறையாவது கழற்றிப் பார்க்கவே வேண்டும்.

ஃபோமால் தீராதவையும் உண்டு. துளையின் விளிம்பில் தொட்டால் ரத்தம் கசியும் சிவப்புச் சதை முளைத்தால் அது குழாய் உரசுவதால் வந்தது. மருத்துவமனையில் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுடுவார்கள். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனிக் களிம்பு. நாற்றம், பச்சைச் சீழ், காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவர். புது ரத்தம் கொட்டினால் ஆம்புலன்ஸுக்கு 995.

விலை காஸைவிடப் பல மடங்கு. பெட்டியாக வாங்கும் முன் இரண்டு மூன்று மட்டும் வாங்கி, தகடு தூக்குகிறதா என்று தாதியிடம் காட்டிவிடுங்கள்.