அக்குள் நாற்றத்துக்குப் படிகாரமா, சமையல் சோடாவா?

வியர்வைக்கு என்று பெரிதாக வாசனை கிடையாது, அதைத் தோலில் இருக்கிற பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றமே வருகிறது, அதனால் எதைத் தடவினாலும் முதலில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சமையல் சோடா நாற்றமுள்ள அமிலங்களைச் சமன்படுத்திவிடும், பலன் சட்டென்று தெரியும். ஆனால் அது காரத்தன்மை கொண்டது, அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். (அமில-கார அளவு) 5-க்குப் பக்கம், சோடா கரைசலோ 8-க்கு மேல். தினமும் தேய்த்தால் பலருக்குச் சிவந்து, எரிந்து, தோல் உரியவும் செய்யும். சவரம் செய்த கையோடு தடவவே வேண்டாம்.

படிகாரம் அமிலப் பக்கம் சேர்ந்தது, பாக்டீரியாவின் பெருக்கத்தையே மட்டுப்படுத்தும். கட்டியை நனைத்து ஈரத் தோலில் லேசாக ஓட்டினால் போதும், துணியில் வெள்ளைப் பொடியும் ஒட்டாது. வியர்வையை முழுசாக நிறுத்தாது, அப்புறம் இதிலும் அலுமினியம் உண்டு, அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

என் ஓட்டு தினசரிக்குப் படிகாரத்துக்குத்தான். சோடாவை வாடை போகாத சட்டைகளை ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். திடீரென்று உடல் வாடை மாறினால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.